வெயிலண்ணனும் என் ஊமைக் கெமராவும்

அட்டன் பக்கத்தில் மழையைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் மழையைத் தன் சொந்தப் பங்காளியாக நினைத்து, வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்துக்கொண்டு திரிகிற ஒரே மனிதர் வெயிலண்ணன்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். எனக்குத் தெரியாது. பொகவந்தலாவையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும் 'வெயில்' என்றால்தான் தெரியும்.

தொழில் போட்டோ பிடிப்பது. கொள்கை ஒன்றே ஒன்று: வெயில் இல்லாமல் படம் இல்லை. பிளாஷ் என்ற பொருளை அவர் கையாலும் தொட்டது கிடையாது. "மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு எதுக்குங்க போட்டோக்காரன்? கொத்தனாரக் கூப்பிடுங்க" என்பார். இந்தக் கொள்கையோடு ஒருவர் யாழ்ப்பாணத்தில் கடை போட்டிருந்தால் மாடிவீடு கட்டியிருப்பார். இவர், மேகம் வீட்டு வாசற்படி வரை வந்து சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போகும் ஊரில் தொழில் நடத்தினார்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த கல்யாணத்தைச் சொன்னால் உங்களுக்கு ஆள் பிடிபட்டுவிடும். தாலி கட்டி முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். "அசையாம நில்லுங்க. இப்ப வந்துரும்" என்றார். வந்தது மூடுபனி. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டார்கள். மேளக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள். வெயிலண்ணன் மட்டும் முக்காலிக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தபடி, "பொறுங்க, பொறுங்க" என்றுகொண்டிருந்தார். கடைசியில் வெயில் வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஒரு படம் எடுத்தும் விட்டார். அந்த நேரம் பார்த்துப் பொண்ணு பசி தாங்காமல் பந்திக்குப் போயிருந்தது.

மாலையோடு மாப்பிள்ளை தனியாக நிற்கும் அந்தப் படம் இன்றும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளையே தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, "நான்தாங்க அது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவரை ஊரில் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் டிஎஸ்எல்ஆர் கெமரா வாங்கிய கதையைக் கேட்டால் அந்தப் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

நான் அட்டனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். பிலிம் சுருள் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. என் பழைய கெமரா செத்தது றொசல்ல ரயில் நிலையத்தில், ஒரு கல்யாண ஜோடியை நடைமேடையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது. உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொண்டு அப்படியே மாட்டிக்கொண்டது. பார்க்கிற துளையில் ஒரே இருட்டு. பட்டப்பகலில், திறந்த வெளியில் நின்றுகொண்டு, "என்னாங்க, கரண்டு போயிருச்சா?" என்று கேட்ட அனுபவசாலி நான்தான்.

மிச்சக் கல்யாணத்தைப் பொண்ணின் தங்கச்சி போனில் எடுத்து முடித்தது. ஆல்பத்தில் எல்லாரும் பாராட்டியது அந்தப் படங்களைத்தான். "மாஸ்டர், கடைசியில எடுத்ததெல்லாம் பிரமாதம். மொதல்ல எடுத்ததுதான் என்னவோ மாதிரி இருக்கு" என்று பொண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த நாளே புதுக் கெமரா வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் விவரம் தெரிந்தவன் அப்படி வாங்கலாமா? ஆராய்ச்சியில் இறங்கினேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு கெமராவாலும் ஒரே செங்கல் சுவரைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுவார். நானும் என் வீட்டுச் சுவரை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"ஏங்க, மாசக் கணக்கா செவத்தையே பாக்கறீங்களே. அதுக்கு மாப்பிள்ள ஏதும் அமைஞ்சிருக்கா?"

என்னிடம் ஏற்கெனவே இருந்த லென்சுகள் பொருந்த வேண்டும் என்று வடிகட்டியதில் கடைசியாக இரண்டு கெமராக்கள் மிஞ்சின. ஒன்று கொஞ்சம் பழைய மாடல். கனமானது, அடித்தாலும் உடையாது. மற்றது புதியது, மங்கல் வெளிச்சத்திலும் பார்க்கும், அதோடு சத்தமே இல்லாமல் படம் எடுக்கும். சாயங்காலம் ஒன்றை முடிவு செய்வேன். காலையில் மற்றது நல்லதாகப்படும்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப தேத்தண்ணிய குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சரின்னு சொன்ன ஆளுதானே நீங்க? அப்ப மட்டும் எப்படி ஒன்னையும் பெருசாக்கிப் பாக்காம விட்டீங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் வில்லங்கம் என்பதால் கண்டிக்குப் போய் வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

செய்தி எப்படியோ வெயிலண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை ஸ்டூடியோ வாசலில் ஒரு பயணப் பையோடு நின்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடையின் பெயர்ப் பலகையில் இருப்பதுதான் என் பெயர்.

"ஸ்டூடியோ! கெமரா வாங்கப் போறீங்களாமே. தனியாப் போனா ஏமாத்திருவாங்க. நானும் வாறேன்."

"அண்ணே, நான் எல்லாம் பாத்து வச்சிருக்கேன்."

"செவத்தப் பாத்து வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். கெளம்புங்க."

கண்டிக் கடையில் விற்பனைக்கு நின்ற இளைஞர் சிங்களவர். ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். "என்னா எடுக்கறதுக்கு, சேர், கெமரா?" என்று மரியாதையாகக் கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை மாதம் காத்திருந்தேன். சென்சாரின் அளவில் தொடங்கி, நிழலில் எவ்வளவு விவரம் கிடைக்கும், வெளிச்சத்தில் எவ்வளவு வெளுக்கும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும், "சரி சேர். ஆனா என்னா எடுக்கறதுக்கு?" என்றார்.

"கல்யாணம்" என்றார் வெயிலண்ணன்.

அதற்கு மேல் எனக்கு வேலை இருக்கவில்லை. வெயிலண்ணன் பையைத் திறந்து ஒரு வெள்ளை வேட்டியையும் ஒரு கறுப்புக் குடையையும் எடுத்தார். வேட்டியை அந்த இளைஞரின் தோளில் போர்த்தினார். குடையை விரித்து அவர் கையில் கொடுத்தார். "தம்பி, சிரிக்காம நில்லுங்க. ஸ்டூடியோ, எடுங்க. வேட்டியில மடிப்பும் தெரியணும், குடையில கம்பியும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்சா மாப்பிள்ள வேட்டியும் பொண்ணு கொண்டையும் தப்பிக்கும்."

நான் எடுத்துக்கொண்டிருந்தபோது கடை முதலாளி உள்ளே வந்தார். தன் ஊழியர் வேட்டி போர்த்துக் குடை பிடித்து அசையாமல் நிற்பதைப் பார்த்து, "மொகத மே?" என்று சிங்களத்தில் அலறினார். இது என்ன கூத்து என்று அர்த்தம்.

"கசாதயக், மாத்தயா" என்றார் வெயிலண்ணன் பணிவாக. கல்யாணமாம்.

அடுத்தது குளிர்ச் சோதனை. நுவரெலியாவில் தை மாதக் காலையில் பேட்டரி சோர்ந்து படுத்துவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. நான் அதைப் பற்றி இணையத்தில் வாசித்திருந்தேன். வெயிலண்ணன் பேட்டரிகளை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கூல்பாருக்குப் போகும்படி எனக்கு உத்தரவிட்டார். இன்னும் வாங்காத பொருள் என்பதால் அந்த இளைஞரும் காவலுக்கு எங்களோடு வந்தார். கூல்பார்ப் பெண்ணிடம் கெஞ்சி, குளிர்சாதனப் பெட்டியில் யோகட் கப்புகளுக்கு நடுவே பேட்டரிகளை வைத்துவிட்டு நாங்கள் மூவரும் தேத்தண்ணி குடித்தோம். இடையில் வந்த ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னா, புது ஐட்டமா?" என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். இளைஞர் பாய்ந்து போய் வாங்கினார்.

பேட்டரிகள் தேறின. கடைசியில் சத்தச் சோதனை. பழைய மாடலை என்னைப் பிடிக்கச் சொல்லி, அதனருகே காதைக் கொண்டுவந்தார். அழுத்தினேன். உள்ளே கண்ணாடி எழும்பி விழுந்து, 'டக்' என்றது. வெயிலண்ணன் முகம் மலர்ந்தது.

"இவன் பேசுறான்!"

புதியதை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நெருங்கி வந்தார். மறுபடியும் அழுத்தினேன்.

"இது என்னா ஊமையா இருக்கு?"

"அதுதாண்ணே விசேஷம். திரையப் பாத்து எடுத்தா சத்தமே வராது. கோயிலுக்குள்ள, சேர்ச்சுக்குள்ள யாருக்கும் தொந்தரவில்லாம எடுக்கலாம். குருவியக் கூட எடுக்கலாம், பறக்காது."

"நீங்க என்னைக்குக் குருவிக்குக் கல்யாண ஆல்பம் போட்டீங்க? ஸ்டூடியோ, நம்ம சனம் கெமரா முன்னாடி நின்னா மூச்சப் புடிச்சிக்கும். சத்தம் கேட்டாத்தான் விடும். சத்தம் வரலைன்னா யாரு அதுங்களுக்கு மூச்சு விடச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விற்பனை இளைஞரும் சிரித்தார். இத்தனை மாத ஆராய்ச்சியை ஒரு 'டக்'குக்காகத் தூக்கிப் போட முடியுமா? ஊமையையே வாங்கினேன். வெயிலண்ணன் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கினிகத்தேனையில் மழை பிடித்தது. மழையைக்கூட அன்று அவர் திட்டவில்லை. அந்த அளவுக்குக் கோபம் என் மேல் இருந்தது.

புதுக் கெமராவோடு நான் போன முதல் கல்யாணம் பொகவந்தலாவையில். தாலி கட்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு குடும்பப் படத்துக்காகக் கோயில் படிக்கட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். நடுவில் பொண்ணின் தாய்மாமன். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை, பெரிய உடம்பு. கெமராவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அழுத்தினேன். யாரும் அசையவில்லை.

"எடுத்துட்டேங்க" என்றேன்.

"எங்க எடுத்தீங்க? சத்தமே வரல" என்றது பின் வரிசை.

"சத்தம் வராதுங்க. அது அப்படித்தான்."

"சத்தம் வராட்டி எப்படிங்க படம் விழும்? திருப்பி எடுங்க."

திருப்பி எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். தாய்மாமன் மூச்சை விடுவதாக இல்லை. அவர் முகம் சிவந்து, கறுத்து, ஒரு மாதிரி நீலத்துக்குப் போனதை என் புதுக் கெமரா ஒன்றையும் விடாமல் பதிவு செய்திருக்கிறது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதன் நிறத் துல்லியத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. கடைசியில் மனிதர் கண் சொருகி மாப்பிள்ளை மேல் சாய்ந்தார். மாப்பிள்ளை பொண்ணு மேல் சாய்ந்தார். ஒரு வரிசையே சரிந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நாலா பக்கமும் சத்தம். "பழைய கெமராவே கொண்டாந்திருக்கலாம்ல. அது ஒழுங்காப் பேசுமே" என்றார் ஒரு அம்மா.

கெமராவில் சத்தத்தைத் திரும்ப வரவழைக்க ஒரு வழி இருக்க வேண்டும். பொத்தான்களை அமுக்கித் தேடினேன். சத்தம் வரவில்லை. ஆனால் திரையில் இருந்த எழுத்தெல்லாம் திடீரென்று ஜப்பானிய மொழிக்கு மாறிவிட்டது. இத்தனை மாதம் சுவரைப் பார்த்தவன், கெமராவின் உள்ளே ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? குளிரில் வியர்த்துப்போய் நின்றேன். "வேற ஆளக் கூப்பிடலாமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவது காதில் விழுந்தது. சின்ன ஊர் இது. ஒரு கல்யாணத்தில் பெயர் கெட்டால் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கெட்டதாக அர்த்தம்.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"எல்லாரும் பழையபடி நில்லுங்க. மாமா, நீங்க உக்காந்துக்கோங்க. ஸ்டூடியோ, அமுக்குங்க."

வெயிலண்ணன். பொண்ணு வீட்டுக்கு உறவாம், கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். நான் அமுக்கினேன். அதே கணத்தில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து, "டக்!" என்றார்.

படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். இலேசாகக் காற்றே அடித்தது.

"ம்... இப்ப விழுந்துச்சு" என்றார் தாய்மாமன் நிம்மதியாக.

அதன் பிறகு நான் அமுக்க அவர் 'டக்' போட, அவர் 'டக்' போட நான் அமுக்க, கல்யாணம் களைகட்டிவிட்டது. என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மேகம் விலகி, பள்ளத்தாக்கு முழுக்க வெயில் வந்தது. தேயிலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இப்படி ஒரு வெயிலை நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

கழுத்திலிருந்து கெமராவைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "அண்ணே, இது உங்க வெயில். நீங்கதான் எடுக்கணும்."

அவர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது அவருக்கு.

"இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்றார்.

நான் விளங்காமல் நின்றேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்: "கை நிக்க மாட்டேங்குதுங்க அவருக்கு. ஒரே நடுக்கம். போன மழைக் காலத்துலருந்து கெமராவத் தொடல. தேத்தண்ணிக் கோப்பையக்கூட ரெண்டு கையாலதான் புடிக்கிறாரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, தம்பி."

கண்டிக் கடையில் அந்த மனிதர் அத்தனை சோதனை செய்தாரே, ஒரு கெமராவையாவது கையில் வாங்கினாரா என்று அப்போதுதான் யோசித்தேன். வேட்டியைத் தொட்டார், குடையைத் தொட்டார். கெமராவை மட்டும் என் கையில்தான் கொடுக்கச் சொன்னார். நான் அதைப் பெரிய மனிதத் தோரணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெமராக்களை அத்தனை பெரிதாக்கிப் பார்த்தவனுக்குப் பக்கத்தில் நின்ற ஆளின் கை தெரியவில்லை.

திரும்பி அவரிடம் போனேன்.

"அண்ணே, வாற கிழமை மஸ்கெலியாவுல ஒரு கல்யாணம் இருக்கு. வருவீங்களா?"

"நான் எதுக்கு?"

"சத்தத்துக்கு. இந்த ஊமைய வச்சுக்கிட்டு நான் தனியா என்னா பண்றது?"

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்கண்ணே. கேக்கல."

"சரி. வெயில் இருந்தா வாறேன்."

மஸ்கெலியாவில் அன்று கொட்டு கொட்டென்று கொட்டியது. வெயிலண்ணன் எனக்கு முன்பே வந்து மண்டபத்தில் நின்றார்.

அன்றிலிருந்து என் எல்லாக் கல்யாணங்களுக்கும் அவர் வருகிறார். சும்மா வருவதில்லை; தொழிலை விருத்தி செய்திருக்கிறார். பொண்ணு வீட்டுக்கு ஒரு மாதிரி 'டக்', மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மாதிரி. அரசியல்வாதி யாராவது வந்தால் கொஞ்சம் நீட்டிப் போடுகிறார். நுவரெலியாவிலிருந்து ஒரு பொண்ணு ஆல்பம் பேச வந்தபோது என் கெமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த டக் சொல்ற அண்ணனும் வருவாருதானே?" என்றுதான் கேட்டது.

போன கிழமை என் மனைவி அந்தக் கெமராவைக் கையில் எடுத்து எதையோ அமுக்கிக்கொண்டிருந்தாள். ஜப்பானிய மொழி போய்விட்டது. இன்னும் எதையோ தட்டினாள். அழுத்தினாள். 'டக்' என்று தெளிவாகக் கேட்டது.

"இங்கதானே இருக்கு. இதுக்குப் போய் இத்தன நாளா? இப்படியே வச்சிரட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"மறுபடியும் ஊமையாக்கிரு. அது பேசிச்சுன்னா அவரு வர மாட்டாரு."